கத்தாத டயர்

சிவப்புக் காரின் சாவியைச் சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல டிவி முன்னால் உட்கார்ந்த அம்மாவைப் போன வாரம் பார்த்தோம். பாவம், அவளுடைய ராஜதந்திரம் மறுநாள் காலைக்கு மேல் தாங்கவில்லை. காப்பிக்குச் சர்க்கரை போடப் போன சின்னவனின் ஸ்பூனில் சாவி வந்து சிக்கியது.

"இது என்னம்மா கூத்து?"

"எனக்குப் பிடிக்கல. நீ அந்த வண்டிய எடுத்துக்கிட்டு மலைக்குப் போகக் கூடாது."

"ஏன்?"

"பிடிக்கலன்னா பிடிக்கல."

அதோடு வாயை மூடிக்கொண்டவள்தான். சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்துவாள், மகன் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு வாரமாக வீட்டில் இந்த மௌன விரதம்தான். இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக்கு மலைப்பாதையில் பழைய கார்களின் ஓட்டப் பந்தயம்.

காலையில் அவன் அக்கா, பெரியவள், தன் டயர் கடையைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிக்கொண்டிருந்தாள். வெயில் அதற்குள் பல்லைக் காட்டத் தொடங்கிவிட்டது. தெரு முனையில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "உங்கப்பா வண்டி வருது" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பா போன மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்தச் சத்தம் போகவில்லை. எவ்வளவு மெதுவாகத் திரும்பினாலும் அந்த முனையில் சிவப்புக் கார் ஒரு கத்துக் கத்தும். அவ்வளவு கெட்டியான டயர்கள். கடையிலேயே விலை குறைந்தது எதுவோ, தேயாமல் கல் மாதிரி கிடப்பது எதுவோ, அதைத்தான் அப்பா கேட்டு வாங்குவார், மாட்டுவதை மட்டும் வேறு எங்கேயோ பார்த்துக்கொள்வார்.

"ஏம்ப்பா, மகள் கடையில வந்து இப்படிப் பிச்சைக்காரத்தனம் பண்றீங்களே! நல்ல டயரா நாலு போட்டு விடறேன். இது தெருவெல்லாம் கத்துது" என்று பெரியவள் ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பாள்.

"கத்தட்டும்மா. கத்தறது நல்லதுதான்" என்று சிரித்துவிட்டுப் போவார் மனுஷர்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அப்பாவுக்கு. வாழ்நாள் முழுக்க நடந்தே சம்பாதித்தவர். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள், இரண்டே கதவும் தரையைத் தொடுகிற உயரமுமாக, இந்தப் பழைய பந்தயக் காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தியபோது வீடே வாயடைத்துப் போனது. வாங்கத் தெரிந்தவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்றுதான் எல்லாரும் கேலி செய்தார்கள். பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் அந்த வண்டிக்கு வைத்த பட்டப் பெயர், 'புலி மூஞ்சி, பூனை நடை.'

அந்தப் பெயரை அழிக்கத்தான் சின்னவன் கிளம்பியிருக்கிறான். இவன் பல் செட் செய்கிறவன். ஊரில் பாதிப் பேர் இவன் செய்து கொடுத்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். கை அவ்வளவு நிதானம். புத்திக்குத்தான் அந்த நிதானம் வரவில்லை என்பது அவன் அக்காவின் கட்சி.

"அக்கா! டயர் கொண்டு வந்துட்டேன். மாட்டி மட்டும் குடு போதும்" என்று காரிலிருந்து குதித்தான்.

பின்பக்கம் நாலு டயர்கள் திணிக்கப்பட்டுக் கிடந்தன. சங்கத்து நண்பன் ஒருவன் தூக்கிக் கொடுத்த பழைய பந்தய டயர்கள்.

பெரியவள் ஒன்றை உருட்டிக் கீழே இறக்கினாள். ஓரத்தில் வார்த்திருந்த எண்களை விரலால் துடைத்துப் பார்த்தாள். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று ஒவ்வொரு டயரும் தன் ஜாதகத்தைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும். பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. கட்டை விரல் நகத்தை ரப்பரில் அழுத்தினாள். நகம்தான் வலித்தது.

"இது டயர் இல்லடா, பிளாஸ்டிக் வாளி."

"மேல இருக்கற பட்டன், வரி எல்லாம் அப்படியே இருக்கே! தேயவே இல்லையே!"

"பட்டன் இருந்து என்ன பண்றது? ரப்பர் செத்து ரொம்ப நாளாச்சு. இதைப் போட்டுக்கிட்டு மலை வளைவுல திரும்பினா, நீ ஒரு பக்கம் போவ, வண்டி ஒரு பக்கம் போகும். உன் ஃப்ரெண்டு உனக்கு நல்லது நினைக்கிறானா, கெட்டது நினைக்கிறானா?"

"அப்ப நீதான் ஏதாவது குடேன்! அம்மா மாதிரி நீயும் முறைச்சுக்கிட்டு நிக்காம."

அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். உள்ளே போய் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். போகாதே என்று அவளும்தான் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஜென்மமா இது? போகிறதுதான் போகிறான், நல்ல காலோடு போகட்டும் என்று திங்கட்கிழமையே மனசை மாற்றிக்கொண்டு ஆர்டர் கொடுத்துவிட்டாள். இந்தப் பழைய ரிம்முக்குப் பொருந்துகிற அளவில் இப்போதெல்லாம் நல்ல டயர் கிடைப்பதே குதிரைக் கொம்பு.

"இது சாதாரண வெயில் கால டயர். மழை வந்தாலும் சமாளிக்கும், ரெண்டு மூணு வருஷம் உழைக்கும். இது அப்படி இல்ல" என்று இரண்டாவதைத் தட்டினாள். "தொட்டுப் பாரு."

சின்னவன் தொட்டான். அந்த ரப்பர் விரலை லேசாகப் பிடித்துக்கொள்வது போல இருந்தது.

"இது ரொம்ப மிருது. ஒரு கோடை தாங்கினா பெரிசு. தேயுறதுதான் இதோட வேலை. தன்னைக் கொஞ்சம் கொஞ்சமா ரோட்டுக்குக் குடுத்துத்தான் பிடிச்சுக்கும். வெயில்ல சூடு ஏறிடுச்சுன்னா, நீ தள்ளினாலும் நகராது."

"அக்கா, நீ தெய்வம்!"

"சும்மா கிட. ஜெயிக்கறதுக்குக் குடுக்கல. ஒழுங்கா வீடு வந்து சேரறதுக்குக் குடுக்கறேன்."

அவள் கணவர் அப்போதுதான் அலைன்மென்ட் மெஷின் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குடும்பத்தில் பெரியவர்களுக்கெல்லாம் அவர் மாப்பிள்ளை. மாமியார் அப்படிக் கூப்பிடப் போய், கடைக்கு வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நிதானமான மனுஷர். சைக்கிளில் போகிறவன்கூட அவர் காரை முந்திக்கொண்டு போவான், அவர் கவலைப்பட மாட்டார்.

"அந்த முதல் டயர் போதாதா?" என்றார். "வண்டி பழசு. இவ்வளவு பிடி எதுக்கு?"

"என் தம்பி விஷயத்துல 'போதும்'ங்கற பேச்சே வேண்டாம்" என்றாள் பெரியவள், பட்டென்று.

மாப்பிள்ளை தோளைக் குலுக்கினார். இருபது வருஷக் குடும்பம். எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இந்த ஒரு தடவை மூடாமல் இருந்திருக்கலாம்.

காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றினார்கள். அப்பாவின் கெட்டி டயர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. முன்பக்க இடது டயரைச் சுவரில் சாய்க்கும்போது பெரியவள் கை நின்றது.

"ஏங்க, இதைப் பாருங்க. உள் ஓரம் மட்டும் மொழுக்குன்னு இருக்கு."

மற்ற மூன்றும் சமமாகத் தேய்ந்திருந்தன. இது மட்டும் உள்பக்க விளிம்பில், மழித்த மோவாய் மாதிரி, வரியே இல்லாமல் கிடந்தது. சக்கரம் நேராக நிற்காமல் சாய்ந்து ஓடியிருக்கிறது.

"புது டயர் போட்டு அலைன்மென்ட்ல வெச்சா சரியாயிடும்" என்றான் சின்னவன். அவன் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. மத்தியானம் மலை அடிவாரத்தில் பயிற்சி ஓட்டம்.

சரியாகவில்லை. மெஷின் திரையில் மூன்று சக்கரங்களுக்கும் பச்சை விழுந்தது. முன் இடதுக்கு மட்டும் சிவப்பு. மாப்பிள்ளை போல்ட்டைத் திருகினார், இன்னும் திருகினார், திருக இடமில்லாமல் போகும் வரைக்கும் திருகினார். சிவப்பு அசையவில்லை.

அவர் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "மாமா இந்தப் பக்கம் மட்டும் தார் பூசியிருக்கார். சக்கரத்தைத் தாங்கற கை வர்ற இடம், அது பாடியோட சேர்ற மூலை, எல்லாம் ஒரே தாரு. இன்னொரு பக்கம் ஒண்ணும் பூசல."

"துரு பிடிக்காம இருக்கப் பூசியிருப்பார்" என்றாள் பெரியவள்.

"ஒரு பக்கத்துக்கு மட்டுமா துரு பிடிக்கும்?"

"டப்பா தீர்ந்திருக்கும். இன்னொரு டப்பா வாங்க மனசு வந்திருக்காது. எங்கப்பாவப் பத்தித் தெரியாதா உங்களுக்கு?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்பாவின் கஞ்சத்தனம் என்றால் எந்தக் கேள்விக்கும் அது விடை. மாப்பிள்ளை மட்டும் சிரித்து முடித்த பிறகு இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

"சுரண்டிப் பார்த்துடலாமா? அரை மணி நேர வேலை."

"அத்தான், ப்ளீஸ்! ரெண்டு மணிக்குள்ள அடிவாரத்துல இல்லேன்னா பேரை அடிச்சிடுவாங்க. சங்கத்துக்காரங்க பிரேக், பெல்ட், ஹெல்மெட் எல்லாம் பார்த்து ஓகே பண்ணிட்டாங்க. பழைய வண்டி, கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும்."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்று ஹாரன் அடித்தன. ஒருவர் பஞ்சர் என்று கத்தினார்.

"சரி, விடுங்க. திங்கட்கிழமை நிதானமா பார்த்துக்கலாம்" என்றாள் பெரியவள்.

பஞ்சர் வண்டியைப் பார்க்க ஓர் ஆளை அனுப்பினாள்.

"அத்தான், நீங்களும் வாங்களேன். டயர் சூடானதும் காத்து எவ்வளவு குறைக்கணும்னு பார்த்துச் சொல்லுங்க. எனக்கு அந்தக் கணக்கு வராது" என்றான் சின்னவன்.

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அந்தச் சாவியைக் கேட்டிருக்கிறார். "மாப்பிள்ளை, என் தலையைக்கூடக் கேளுங்க, இதை மட்டும் கேக்காதீங்க" என்றாராம் மாமனார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஆனால் அந்தக் கார் கடைக்கு வரும் நாளெல்லாம், யாரும் பார்க்காதபோது பானெட்டைத் துடைத்துவிடுவார்.

"ஏறுங்க, ஏறுங்க. ஆசைய அடக்கி அடக்கி மனுஷன் இளைச்சுப் போயிட்டார்" என்று பெரியவள் கிண்டல் செய்தாள். "தம்பி, என் புருஷனைப் பத்திரமா திருப்பிக் கொண்டு வந்து விடு. உடைஞ்சா உதிரி பாகம் கிடைக்காது."

பிரஷர் கேஜை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை குனிந்து, முழங்காலை மடக்கி, அந்தத் தாழ்ந்த இருக்கைக்குள் தன்னைத் திணித்துக்கொண்டார். கார் கிளம்பியது. தெரு முனையில் திரும்பியது.

சத்தமே இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் இப்போது தலையைத் தூக்கிப் பார்த்தார். "போயிடுச்சா? ஒண்ணுமே கேக்கலையே!"

"அதான் டயர்" என்றாள் பெரியவள், பெருமை தாங்காமல்.

* * *

வெயில் உச்சியைத் தாண்டியது. வேலையாட்கள் சாப்பிடப் போனார்கள். பெரியவள் மட்டும் கல்லாவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். எதிரே சுவரில் அப்பாவின் நாலு டயர்களும் சாய்ந்திருந்தன. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாலும் கண் அந்த மொழுக்கை விளிம்புக்கே போய்ப் போய்த் திரும்பியது.

கஞ்சனாக இருக்கிறவர், ஓரம் தேய்ந்து டயர் வீணாவதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்? அலைன்மென்ட் பார்க்கலாம் என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம், 'வேண்டாம்மா, இன்னொரு நாள்' என்று ஏன் நழுவினார்? மகள் கடைதானே, காசா கேட்கப் போகிறாள்?

அவள் எழுந்து போய் அந்த டயரைத் திருப்பி வைத்தாள், விளிம்பு கண்ணில் படாதபடி.

அப்போது வாசலில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே அம்மா.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா இந்தக் கடைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ரப்பர் நாற்றம் தலைவலி என்பாள். அதுவும் நடந்தே வந்திருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை. ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொன்றில் வெளிச் செருப்பு.

"என்னம்மா இது? ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"அவன் வந்தானா?"

"வந்தான், போயிட்டான். உக்காரும்மா. தண்ணி குடி."

"என்ன டயர் போட்டே?"

பெரியவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அம்மா தன் வாழ்நாளில் கேட்டிராத கேள்வி அது.

"நல்லதாத்தான் போட்டிருக்கேன். இருக்கறதுலயே நல்லது. ரோட்டை விடவே விடாது. நீ கவலைப்படாத."

அம்மா தண்ணீரை வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த டயர் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சறுக்காதா?"

"சறுக்கவே சறுக்காது."

"ஐயோ" என்றாள் அம்மா. மெதுவாகத்தான் சொன்னாள். "சறுக்கணும்டி. அந்த வண்டி சறுக்கணும். அதுக்குத்தான் அவர் அந்தக் கல்லு டயரைப் போட்டு வெச்சிருந்தார்."

பெரியவள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "என்னம்மா சொல்ற?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். முகத்தை வெளியே எடுக்காமலே பேசினாள்.

"நான்தான் இடிச்சேன்."

"எதை?"

"அந்த வண்டிய. நீ கல்யாணமாகிப் போன வருஷம். வீடு வெறிச்னு இருக்குன்னு சொன்னேன். வா, உனக்கு ஓட்டச் சொல்லித் தரேன்னார் உங்கப்பா. ஞாயிற்றுக்கிழமை காலையில வாக்கிங் போறோம்னு உங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு, ஊருக்கு வெளியில போய் ஓட்டுவேன். நல்லாத்தான் ஓட்டினேன். அவரே சொல்வார், உனக்குப் பயமே இல்லையேன்னு."

அம்மா கார் ஓட்டினாள் என்பதை நம்பப் பெரியவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிற அம்மா. பஸ்ஸில் முன் இருக்கையில் உட்காரக்கூடப் பயப்படுகிற அம்மா.

"ஒரு நாள் பாலத்துக் கட்டையில போய் மோதிட்டேன். முன் சக்கரம் மடங்கி உள்ள போயிடுச்சு, கால் ஒடிஞ்ச நாயாட்டம். எங்களுக்கு ஒண்ணும் ஆகல. எங்கேயோ தூரத்துல ஒரு வெல்டிங் கடையில விட்டு ஒட்ட வெச்சார். கை வந்து சேர்ற அந்த மூலையே பிளந்து போச்சாம். அந்த வண்டிக்கு அந்த பாகமே இப்ப வர்றதில்லையாம். வெல்டிங்காரர் சொன்னார், ஊருக்குள்ள மெதுவா ஓட்டறதுக்குத் தாங்கும், வளைவுல அழுத்தம் குடுத்தா பிச்சுக்கும்னு."

"இடது பக்கமா?" என்று கேட்டாள் பெரியவள். கேட்கவே வேண்டியதில்லை.

"இடது பக்கம்தான். அன்னிலேருந்துதான் அந்தக் கெட்டி டயர். நல்ல டயர் போட்டா ரோட்டைப் பிடிச்சுக்கும், அந்த பாரம் எல்லாம் ஒட்டுப் போட்ட இடத்துக்குப் போகும். இது அப்படி இல்ல, கொஞ்சம் வேகமா திரும்பினாலே கத்தும், சறுக்கும். கத்தினா மனுஷன் காலை எடுத்துடுவான். அதுதான் இந்த வண்டிக்குக் காவல்னு சொல்வார்."

கத்தட்டும்மா. கத்தறது நல்லதுதான்.

எத்தனை தடவை சொல்லியிருப்பார்! எத்தனை தடவை பெரியவள் அவர் முகத்துக்கு நேராகவே சிரித்திருப்பாள்!

"ஏம்மா மறைச்சீங்க? நான் டயர் கடை வெச்சிருக்கேன். என் வீட்டுக்காரர் இந்த வேலைதான் பார்க்கறார். எங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நான்தான் சத்தியம் வாங்கினேன். இந்த வயசுல அம்மா கார் ஓட்டப் போயி முட்டிக்கிட்டு வந்தாள்னு நீங்கல்லாம் சிரிப்பீங்க. உன் வீட்டுக்காரர் முன்னாடி எனக்கு மானம் போயிடும்னு அழுதேன். அவர் சரின்னுட்டார். என் மானத்துக்காக அவர் கஞ்சன்னு பேர் வாங்கிக்கிட்டார். சாகற வரைக்கும் வாங்கிக்கிட்டார். நானும் உங்களோட சேர்ந்து சிரிச்சேன்டி."

அம்மா அழுதாள். பெரியவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஒரு வாரமா வாயைத் திறக்காம உக்காந்திருந்தியே! 'பிடிக்கல'ன்னு சொல்றதுக்குப் பதிலா இதைச் சொல்லியிருந்தா?"

"தினமும் சொல்லிடலாம்னுதான் வாயைத் திறப்பேன். வராது. அப்புறம் நினைச்சேன், எப்படியும் டயர் போட உன்கிட்டதானே வருவான். நீ பார்த்துடுவ. உன் கண்ணுக்குத் தப்பாது. நீயே கண்டுபிடிச்சு நிறுத்திடுவ, நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காதுன்னு இருந்தேன்." அம்மா முகத்திலிருந்து தலைப்பை எடுத்தாள். "நீ பார்க்கலையா?"

காலையில் பெரியவள் எல்லாவற்றையும்தான் பார்த்தாள். மொழுக்கை விளிம்பைப் பார்த்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்தாள். தாரைப் பற்றிக் கணவர் சொல்லக் கேட்டாள். மூன்றையும் பார்த்துவிட்டு, அப்பா கஞ்சன் என்று சொல்லிச் சிரித்தாள். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் சுரண்டிப் பார்க்காமல் அனுப்பியிருப்பாளா?

அவள் போனை எடுத்துச் சின்னவனைக் கூப்பிட்டாள்.

மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலையா?" என்றாள் அம்மா.

"இரும்மா."

மறுபடியும் அடித்தாள். இந்த முறை எடுத்துவிட்டான். காற்றின் இரைச்சல், பின்னால் ஆட்களின் பேச்சுக் குரல்.

"சொல்லுக்கா!"

"எங்கடா இருக்க?"

"அடிவாரத்துலதான். இப்பத்தான் ஒரு ரவுண்டு மெதுவா போயிட்டு வந்தேன். அக்கா, என்ன டயர்க்கா அது! ரோட்டோட ஒட்டிப் போட்ட மாதிரி—"

பெரியவளுக்கு உயிர் திரும்பி வந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அம்மா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"சரி, நான் சொல்றத ஒழுங்கா கேளு. இனிமே அந்த வண்டியில ஏறாத. ஒரு அடிகூட நகர்த்தாத. நான் லாரி அனுப்பறேன், தூக்கிட்டு வந்துடலாம். முன் இடது பக்கம் உடைஞ்சு ஒட்டுப் போட்ட வண்டிடா அது. அம்மா இங்கதான் இருக்கா, எல்லாம் சொல்லிட்டா. வளைவுல பாரம் விழுந்தா பிச்சுக்கும். கேக்குதா? ஏறாத!"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"டேய், கேக்குதா?"

"அக்கா, நான் வண்டியில இல்லையே" என்றான் சின்னவன். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. "அத்தான் எடுத்துட்டுப் போயிருக்கார்."

பெரியவள் எழுந்து நின்றாள்.

"அப்பாதான் கடைசி வரைக்கும் சாவி தரல, நான் தரேன் அத்தான், ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கன்னு நான்தான் குடுத்தேன். வேண்டாம் வேண்டாம்னார். அப்புறம் சின்னப் பையன் மாதிரி சிரிச்சார்க்கா. ஹெல்மெட்கூட நான்தான் மாட்டி விட்டேன்."

"கூப்பிடு அவரை! போன் பண்ணு!"

சொல்லிக்கொண்டே அவள் திரும்பினாள். கல்லா மேஜையில், சார்ஜரில் செருகியபடி, மாப்பிள்ளையின் போன் கிடந்தது.

"மேலே ஏறிட்டார்க்கா. உச்சியில வண்டியத் திருப்பியாச்சு, இப்ப இறங்கிட்டு இருக்கார். சத்தம் கேக்குது. அவர் இவ்வளவு வேகமா போவார்னு எனக்கே தெரியாது. டயர் குடுக்கற தைரியம்." அவன் ஓடத் தொடங்கிவிட்டான். மூச்சு இரைத்தது. "கொடிக்காரங்ககிட்டச் சொல்றேன். நிறுத்தச் சொல்றேன். அக்கா, லைன்லயே இரு—"

பெரியவள் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேஜை மேல் வைத்தாள். அதற்குப் பக்கத்திலேயே மாப்பிள்ளையின் போன், பாட்டரி நிறைந்துவிட்டது என்று பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்து வந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் குனிந்தார்கள். சின்னவனின் செருப்புச் சத்தம். யாரையோ கூப்பிடும் குரல். அதற்கும் பின்னால், தூரத்தில், மலையின் ஏதோ ஒரு மடிப்பிலிருந்து என்ஜின் சத்தம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கார் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு வந்துகொண்டிருந்தது.

'க்ரீச்' என்று ஒரே ஒரு சத்தம் வராதா? தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, மானம் போகிற மாதிரி ஒரு சத்தம். அதைத்தான் பெரியவள் தேடினாள். கத்தினால் அவருக்குப் பயம் வரும். பயம் வந்தால் காலை எடுத்துவிடுவார். அவர் நிதானமான மனுஷர்.

"கத்துதாடி?" என்று கேட்டாள் அம்மா. "எனக்குச் சரியா காது கேக்கல. டயர் கத்துதா?"

பெரியவள் போனுக்கு இன்னும் கிட்டே காதைக் கொண்டுபோனாள்.

"இல்லம்மா" என்றாள். "கத்தவே இல்ல."